எதிர்முனையில் நின்றவன்

என்னைக் கெடுத்தவர்களில் முதல் ஆள் சென்னியப்பன்தான். முதலாளி அதற்கு அப்புறம். ஓவர்லாக் ரங்கு அதற்கும் அப்புறம். சலவைப்பட்டறைக்காரன், கிட்டான், என் சொந்த மச்சான் என்று இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வரிசையில் நிற்கட்டும். முதலில் சென்னியப்பன்.

உட்காருங்கள் தம்பி. அந்த வேஸ்ட் துணி மூட்டை மேலேயே உட்காரலாம், மெத்தை மாதிரி இருக்கும். நான் உட்கார மாட்டேன். ஒரு இடத்தில் உட்கார எனக்குப் பழக்கமில்லை. வெள்ளைத் துண்டைத் தனியாகவும் கலரைத் தனியாகவும் பிரித்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

காங்கயத்திலிருந்து வருகிறீர்கள். தேங்காய் வியாபாரம். சென்னியப்பன் மகன் மோகன்ராசுக்கு உங்கள் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள். குடும்பம் எப்படி, அப்பன் எப்படி, பெண்ணைக் கொடுத்தால் கண் கலங்காமல் இருப்பாளா என்று நாலு பேரிடம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். டீக்கடைக்காரன் என் பக்கம் கை காட்டியிருக்கிறான். 'அந்தக் காலத்துல ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல நின்னவங்க' என்று சொல்லியிருப்பானே? சொன்னானா? அதுதானே பார்த்தேன்.

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் சென்னியப்பனைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள். உள்ளதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. எனக்குப் படிப்பில்லை, மூன்றாவதோடு நின்றுவிட்டேன். ஆனால் இந்த ஆறுக்குட்டிக்குப் பொய் வராது. கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பனியன் கம்பெனிக்குள் போயிருக்கிறீர்களா? இல்லையா. அப்படியென்றால் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை புரியாது. பனியன் துணி குழாய் மாதிரி வரும். பின்னும் மெஷினில் இருந்து சலவைக்குப் போய், வெளுத்து, உருளையில் அழுத்தித் தேய்த்து, சுருள் சுருளாகக் கட்டிங் டேபிளுக்கு வரும். டேபிள் ஒரு மாட்டு வண்டி நீளத்துக்கு மேல் இருக்கும். இந்த முனையில் ஒருத்தன், அந்த முனையில் ஒருத்தன். ரெண்டு பேரும் பிடித்துத் துணியை விரிக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கு உயர்ந்ததும் அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டு, கத்தரியால் வெட்டுவது. எல்லாம் கைதான், கரண்ட் கத்தியெல்லாம் பின்னால் வந்தது.

ஒருத்தன் தனியாக விரிக்க முடியாது. அதனால் ஜோடி. யாருக்கு யார் ஜோடி என்று முதலாளி ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டார்கள். கை பழகிவிடும் இல்லையா? எதிரே நிற்பவன் எப்போது குனிவான், எப்போது மூச்சு விடுவான் என்று துணி வழியாகவே தெரியும். பொண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட நான் சென்னியப்பன் முகத்தை அதிகமாகப் பார்த்திருக்கிறேன். சும்மா சொல்லவில்லை.

ஐம்பதுகளில் நாங்கள் சேர்ந்தோம். அவன் சென்னிமலைப் பக்கம், நான் அவினாசிப் பக்கம். நொய்யல் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரே அறையில் தங்கினோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் தரை டிக்கெட்டில் சினிமா. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளியல், அப்போது தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. கம்பெனியில் அந்தப் பக்கம் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலகைக்கு அடியில் ஒரே இரும்புத் தண்டு ஓடும், அதில் இருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். அந்த இரைச்சலிலும் அவர்கள் வாய் ஓயாது. எங்களை 'வண்டி மாடு' என்பார்கள். 'வண்டி மாடு வந்துருச்சுடா, வழி விடுங்க!' நான் முறைப்பேன். சென்னியப்பன் மாடு மாதிரியே தலையை ஆட்டிக் காட்டுவான். அவனுக்கு மானம் ரோஷம் அவ்வளவுதான்.

எனக்குக் கையில் பலம் அதிகம். இப்போது பார்க்காதீர்கள், அப்போது சொல்கிறேன். துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் டேபிள் மேல் பறை மாதிரி விறைத்து நிற்கும். ஒரு சுருக்கம் இருக்காது. அந்த அழகு வேறு எவனுக்கும் வராது. ஆனால் இந்தச் சென்னியப்பனுக்கு ஒரு கெட்ட பழக்கம். நான் இழுத்துப் பிடித்து நிறுத்தியதும் அவன் முனையில் இருந்து உள்ளங்கையை வைத்துத் துணியை மெதுவாக நடுப்பக்கமாகத் தள்ளிவிடுவான். ஒவ்வொரு அடுக்குக்கும். தள்ளித் தள்ளி விட்டு, ஒரு நிமிஷம் சும்மா நிற்பான்.

"ஏண்டா, புண்ணைத் தடவற மாதிரி தடவற?" என்பேன்.

"இல்ல ஆறு, துணி கொஞ்சம் மூச்சு உடட்டும்."

"துணி என்ன எருமையா, மூச்சு உட?"

சிரிப்பான். மறுபடியும் தடவுவான். நான் இழுப்பதும் அவன் அதைக் கெடுப்பதும், இதே வேலை. எத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன் தெரியுமா? எங்கள் டேபிளில் வெட்டின சரக்கு ஒரு தடவை கூடக் குறை என்று திரும்பி வந்தது கிடையாது. அதற்கு யார் காரணம்? இழுத்தவன்தானே காரணம்? ஆனால் அதை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. என் சண்டையில் குறுக்கே வருவது. எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மெஸ்காரனோடு, சைக்கிள் கடைக்காரனோடு, ஏதாவது ஒன்று. நாலு வார்த்தை நான் பேசுவதற்குள் இவன் வந்து, "அண்ணா, அவன் காலையில இருந்து சாப்பிடலீங்க, அதான்" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவான். நான் சாப்பிட்டிருப்பேன்! வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பேன்! ஒரு சண்டையை முழுசாகப் போட விட்டதில்லை அவன்.

இருங்கள், அந்தக் கயிற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் நடந்ததுதான் விஷயம். சேலத்து வியாபாரிக்குப் பெரிய ஆர்டர். டேபிளில் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. மத்தியானம் டீக்கடையில் எல்லாரும் நிற்கிறோம். ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கிற ரங்கு, அவன் வாய் இருக்கிறதே, அவன் சொல்கிறான்: "வண்டி மாட்டுல ஒண்ணு இழுக்குற மாடு, ஒண்ணு தடவுற மாடு. தடவுற மாடு இல்லீன்னா வண்டி குழியிலதாண்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். கையில் இருந்த டீ கிளாசை ரங்கு மூஞ்சியைப் பார்த்து வீசினேன். ரங்குவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? இந்தச் சென்னியப்பன் குறுக்கே கையை நீட்டினான். கிளாஸ் அவன் உள்ளங்கையில் பட்டு உடைந்து, கை கிழிந்துவிட்டது. ஒரே ரத்தம். அவனை யார் நீட்டச் சொன்னது? நான் வீசியது ரங்குவுக்கு. இவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கட்டுக் கட்டினார்கள். முதலாளியிடம், டேபிளில் கத்தரி பட்டுவிட்டது என்று இவனே சொல்லிவிட்டான். நான் சொல்லச் சொல்லவில்லை. ஆர்டர் அவசரம் என்று கட்டோடு வந்து நின்றான். விரலால் துணியைப் பிடிப்பான், அவ்வளவுதான். தடவுகிற வேலை கிடையாது. எனக்கு நிம்மதி. அந்த வாரம்தான் தம்பி, நான் நினைத்த மாதிரி வேலை நடந்தது. இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கிறது துணி. அடுக்கு ஒவ்வொன்றும் கண்ணாடி. சென்னியப்பன் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஆறு, கொஞ்சம் விட்டுப் புடி, ஆறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வலியில் புலம்புகிறான் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

சரக்கு சேலத்துக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது.

முதலாளி பெட்டியை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் டேபிள் மேல் கொட்டினார். ஒரு பனியனை எடுத்து ரங்குவிடம் கொடுத்து, "போட்றா இதை" என்றார். ரங்கு போட்டுக்கொண்டான். தொப்புள் தெரிந்தது. தையல்காரர்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். ரங்கு ஒரு கையால் தொப்புளை மூடிக்கொண்டு, "மொதலாளி, பொம்பளைங்க ரவிக்கையா இது?" என்கிறான். முதலாளி சிரிக்கவில்லை.

"யாரு வெட்டுன சரக்கு?"

நாங்கள் வெட்டியது. ஆனால் நாங்கள் வெட்டும்போது அட்டைக்குச் சரியாக இருந்தது. அதற்கு நான் சத்தியம் செய்வேன். பெட்டிக்குள் போய்த் துணி சுருங்கினால் நான் என்ன செய்வது? பெட்டிக்குள் நானா உட்கார்ந்திருந்தேன்? சலவைப்பட்டறைக்காரன் ஏதோ செய்துவிட்டான் என்று நான் வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பன் முன்னால் போய் நின்றான்.

"என் தப்புங்க மொதலாளி. கையில கட்டோட நின்னனுங்க. எம்பக்கம் துணி சரியா நிக்கலீங்க."

கேட்டீர்களா? அவன் வாயால் அவனே சொன்னான். நானா சொன்னேன்? கம்பெனியே கேட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன ஆறுக்குட்டி, அப்படியா?"

நான் என்ன சொல்ல முடியும்? அவனே ஒத்துக்கொண்டுவிட்டான். முதலாளி கேட்கிறார். "ஆமாங்க. அவன் எப்பவுமே சரியா இழுக்க மாட்டானுங்க. தடவிட்டே நிப்பான்" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? தடவினானா இல்லையா?

சென்னியப்பன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். ரங்கு கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

அவனை டேபிளில் இருந்து எடுத்து, மடித்துப் பெட்டியில் போடுகிற வேலைக்கு அனுப்பினார்கள். கண் சரியாகத் தெரியாத ரெண்டு பெரியவர்களோடு தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் மடித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு முதலாளி எல்லாருக்கும் வேட்டி கொடுப்பார், நல்ல கரை போட்ட வேட்டி. அந்த வருஷம் அவனுக்கு மட்டும் இல்லை. எனக்கு வந்தது. அதைக் கட்டிக்கொண்டு தீபாவளி அன்று அவன் வீட்டுக்கே போனேன், பலகாரம் கொடுக்க. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன் நான், அதற்காகச் சொல்கிறேன். அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் சம்சாரம் தண்ணீர் கொடுத்தாள். அவள் கண் என் வேட்டிக் கரையிலேயே இருந்தது. வேட்டி அவ்வளவு நன்றாக இருந்தது.

தீபாவளி முடிந்தது. கட்டு அவிழ்த்தாயிற்று. நல்ல தொழில்காரனை மடிப்பில் எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும்? முதலாளி கூப்பிட்டார். "சென்னியப்பா, டேபிளுக்குப் போ."

நான் என் முனையில் துணியைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறேன். மறுமுனையை அவன் வந்து எடுக்க வேண்டியதுதான். வருகிறான், வருகிறான், என்னைத் தாண்டிப் போகிறான். அடுத்த டேபிளில் கிட்டான் நின்றுகொண்டிருந்தான், அவனுடைய ஜோடி ஊருக்குப் போய்விட்டான்.

"நான் கிட்டானோட நிக்கறனுங்க மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னான். காரணம் சொல்லவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதலாளி மேல் கோபம். ஜோடியை மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர், ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? துணி என் கையில் இருக்கிறது. அதன் மறுமுனை தரையில் விழுந்து கிடக்கிறது. அத்தனை பேரும் பார்க்கிறார்கள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டா?"

"விடு ஆறு."

"ஏண்டான்னு கேக்கறேன். நான் என்னடா பண்ணுனேன் உனக்கு?"

என் முகத்தையே பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். "கை வலிக்குது ஆறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பொய் தம்பி! சுத்தப் பொய். கை ஆறிவிட்டது. வலிக்கிற கையோடு கிட்டானுக்கு எதிரே நிற்கலாம், எனக்கு எதிரே நிற்கக் கூடாதா? இதைத்தான் நான் அன்றிலிருந்து கேட்கிறேன். இன்றைக்கு வரைக்கும் பதில் இல்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு, ராத்திரி சேர்ந்து சாப்பிட்டிருப்போம். காரணம் சொல்லாமல் ஒருத்தனை நடு ஷெட்டில் துணியோடு விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்?

எனக்கு எதிரே கோபியில் இருந்து வந்த ஒரு புது ஆளை நிறுத்தினார்கள். தை பிறப்பதற்குள் எங்கள் டேபிள் சரக்கு மறுபடியும் குட்டை என்று திரும்பியது. அந்த வருஷம் துணியே சரியில்லை. முதலாளி வந்து, "ஆறுக்குட்டி, நீ டேபிள்ல இருந்து கையை எடு" என்றார். எடுத்தேன். அடுத்த கம்பெனிக்குப் போனேன். அங்கேயும் துணி சரியில்லை. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். திருப்பூரிலேயே அந்தக் காலத்தில் நல்ல துணி வரவில்லை, நான் நின்ற இடத்துக்கெல்லாம் வரவில்லை. ஆனால் சென்னியப்பனும் கிட்டானும் நின்ற டேபிளில் மட்டும் ஒரு குறை கிடையாது. அவனுக்கு நல்ல துணியாகப் பார்த்து வந்து விழுந்தது. அதிர்ஷ்டம் என்றால் அதுதான். கட்டிங் மாஸ்டர் ஆனான். அப்புறம் சொந்தமாக நாலு மெஷின் போட்டான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான்.

நான் இதோ, வேஸ்ட் பிரிக்கிறேன்.

அவன் என்னோடு பேச மாட்டான் என்று நினைக்காதீர்கள். பேசுவான். அதுதான் இன்னும் எரிச்சல். என் மகள் சரசு கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை நான். காலையில் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறான். கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறினான். என் சம்பந்தி, "யாருங்க அது, உங்க தம்பியா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? எல்லாரும் போன பிறகு, இலை எடுக்கிற இடத்தில் அவன் முன்னால் போய் நின்றேன். கேட்கவில்லை. சும்மா நின்றேன். இப்போதாவது சொல்லட்டும் என்று.

"ஆறு, நீ சாப்பிட்டியா?" என்கிறான்.

என்ன மனுஷன் பாருங்கள்! நான் எதிர்பார்த்தது என்ன, அவன் கேட்டது என்ன?

இதோ இந்த மூட்டை, நீங்கள் உட்கார்ந்திருப்பது, அவர்கள் கம்பெனி வேஸ்ட்தான். மோகன்ராசு கொண்டு வந்து போடுவான். வேறு ஏஜென்ட் அதிகம் தருகிறேன் என்று கேட்டும் கொடுக்க மாட்டானாம், 'அப்பா சொல்லியிருக்காரு, ஆறு பெரியப்பாவுக்குத்தான்' என்பானாம். பெரியப்பா! யார் கேட்டது? இதெல்லாம் கொடுத்தால் நான் அந்தக் கேள்வியை மறந்துவிடுவேன் என்று நினைக்கிறான் சென்னியப்பன். மறக்கிற ஆளா நான்? அந்தப் பையன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. தலை நிமிர்ந்து பேச மாட்டான், குடிப்பதில்லை, மூட்டையை அவனே தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் போவான். அப்பன் குணம் அப்படியே. அதுதான் உங்களை எச்சரிக்கிறேன்.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? சிரிக்கிறீர்களா?

வீட்டுக்கு வழி கேட்கிறீர்கள். இவ்வளவும் சொன்ன பிறகு வழி கேட்கிறீர்கள்! சரி, உங்கள் பெண், உங்கள் இஷ்டம். இந்தத் தெரு முனையில் இடது பக்கம் திரும்புங்கள். பம்ப் வைத்த கிணறு வரும், அதற்கு எதிர் வீடு, பச்சைக் கதவு. நடந்தே போகலாம். ஆமாம், அவ்வளவு பக்கம்தான். நான் இந்தப் பக்கம் குடி வந்து ரொம்ப காலம் ஆகிறது. வாடகை குறைவு என்று வந்தேன், வேறு காரணம் இல்லை.

கல்யாணத்துக்குக் கூப்பிட மகனை அனுப்பக் கூடாது என்று சொல்லுங்கள். சம்சாரமும் வேண்டாம். பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் எல்லாரும் கொண்டு வருவார்கள். அவன் தனியாக வரட்டும். இங்கே, இந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். எதற்காக அன்றைக்கு என்னைத் தாண்டிப் போனான் என்று சொல்லட்டும். ஒரே ஒரு வார்த்தை. அது எனக்கு வர வேண்டியது. அதைக் கொடுக்காமல் அவன் மகன் கல்யாணத்தில் நான் கை நனைக்க மாட்டேன்.

என்ன பார்க்கிறீர்கள்? ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியுமா? ரங்குவும் ஒரு நாள் இப்படித்தான் வாயைத் திறந்தான். என் சம்சாரமும் சாகிறதுக்கு முன்னால் ஏதோ சொல்ல வந்தாள்.

வேண்டாம். சொல்லாதீர்கள். வாயை மூடுங்கள் தம்பி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதை நீங்கள் சொல்லக் கூடாது. யாரும் சொல்லக் கூடாது. அவன்தான் சொல்ல வேண்டும்.

போங்கள், வெயில் ஏறிவிடும். பச்சைக் கதவு.